பாட்டுக்கு 107 வினாடி: தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியில் குரலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

தேசிய கீதம் 52 வினாடி. தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி. கூட்டினால் 107. தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போகிற ஒரு குழந்தையின் பாட்டுக்கு அரசு காலம் குறித்து வைத்திருப்பது இவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் குழந்தை பாடினால் அது ஆசிரியருடைய தனிப்பட்ட ஆர்வம். அல்லது குழந்தையின் சேட்டை. "பாட்டு என்னடா வேண்டிக் கிடக்கு, பொஸ்தகத்த எடு" என்ற அதட்டலைக் கேட்காமல் தொடக்கப்பள்ளியைத் தாண்டியவர்கள் நம்மில் குறைவு.

இசைக்கல்வி இல்லையே என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியர் பணியிடம், நிதி ஒதுக்கீடு என்று பேசி முடித்துவிடக்கூடிய விஷயமாகவும் இது தெரியவில்லை. முத்தமிழ் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிற ஒரு சமூகம், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து உட்காருகிற இடமான தொடக்கப்பள்ளியில் இசையை வாசலிலேயே நிறுத்தியது எப்படி? யாருடைய குரல் 'பாட்டு' ஆயிற்று, யாருடைய குரல் வெறும் 'சத்தம்' ஆயிற்று? கடந்த இருநூறு ஆண்டுகளில் நடந்த சில காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது. அந்த விடை நம் எல்லாருக்கும் சௌகரியமானதாக இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1. வாயும் மணலும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படிப்பு என்பது கண்ணின் வேலையாக இருந்ததைவிட வாயின் வேலையாகவே இருந்தது. விரலால் மணலில் எழுத்தை எழுதும்போதே அதை உரக்கச் சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொன்னால் மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சதகங்கள், நிகண்டு, எண்சுவடி எல்லாமே ராகம் போட்டுச் சொல்லி மனதில் ஏற்றப்பட்டவை. இந்த 'ராகம்' சங்கீத வித்துவான் சொல்கிற ராகமல்ல. ஓரிடத்தில் நீட்டல், ஓரிடத்தில் குறுக்கல், மூச்சு வாங்கும் இடம், வரி முடிவில் ஓர் இறக்கம், அவ்வளவுதான். ஆனால் நினைவின் கருவி இதுதான். பாடத்தையும் பாட்டையும் அங்கே பிரித்துக் காட்ட முடியாது. பெருக்கல் கணக்குக்கு நாம் இன்னும் சொல்கிற 'வாய்ப்பாடு' என்ற சொல்லில் அந்த வாய் மிச்சமிருக்கிறது.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட விடுதிக்கு 1789-இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கற்பிப்பதையும் கவனித்த அவர், அதைத் தம் விடுதியில் நடைமுறைப்படுத்தி, 1797-இல் லண்டனில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் அதே காலத்தில் இதையொத்த முறையைத் தனியே வளர்த்தெடுத்தார். ஒருவரையொருவர் கண்காணிக்கிற இந்த வகைப் பள்ளியை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் ஒரு பொறியமைப்பாக ஃபூக்கோ 1975-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்கிறார். திண்ணையில் சட்டாம்பிள்ளை என்பவன் தடியெடுத்தவன் மட்டுமில்லை, முன்பாட்டுக்காரனும்கூட. ஐரோப்பாவுக்குப் பயன்பட்டது அவனுடைய மேற்பார்வைதான்.

இதைச் சொல்வதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கோதண்டம் போட்டுப் பிள்ளைகளைத் தொங்கவிட்ட இடம் அது. தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையும் கிடையாது, தெருவும் கிடையாது. தாமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின்படி 1826-இல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். அதில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். வெளிப்படையாகப் பள்ளியில் படித்த பெண்களில் பெரும்பாலோர் கோயில் தாசி மரபைச் சேர்ந்தவர்கள் என்று கலெக்டர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறிப்பை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே பாடத் தெரிந்த பெண், பாடத் தெரிந்த பெண் என்றாலே தாசி என்ற சங்கிலி பின்னால் வந்த பெண்கள் பள்ளிகளின் தலைமேல் ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

2. மாயூரம், 1871

பாட்டும் பாடமும் பிரிந்த கதைக்கு ஒரு தேதி குறிக்க வேண்டுமென்றால், உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் சொல்கிற ஒரு நிகழ்ச்சியைத்தான் நான் குறிப்பேன். சங்கீதக் குடும்பம் அவருடையது. கனம் கிருஷ்ணையரின் உறவு. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயூரம் வருகிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதே ஊரில் இருக்கிறார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்குகிறார். விஷயம் பிள்ளைக்குத் தெரியவருகிறது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் அழுந்தாது என்பது பிள்ளையின் கருத்து. சாமிநாதையர் பாரதியாரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்.

பிள்ளை வெள்ளைக்காரர் பள்ளியில் படித்தவரில்லை. மரபுவழிப் புலமையின் கடைசிப் பெரிய உருவம். ஆகவே பாட்டைப் பாடத்திலிருந்து விரட்டியது ஆங்கிலக் கல்வி என்று பழியை முழுவதும் மெக்காலே தலையில் போட முடியாது. புலமை என்ற அதிகாரம் தன் எல்லையை வரைந்துகொண்டபோதே இசை வேறு தெருவுக்குப் போய்விட்டது.

இதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதையும் சாமிநாதையர்தான் பதிவு செய்திருக்கிறார். நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதியார் பிள்ளையிடம் போகிறார். இலக்கண வழுக்கள் இருப்பதால் பிள்ளை தட்டிக் கழிக்கிறார். பிறகு ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுக்கிறார். ஏட்டில் பிழையாக இருந்தது காதில் பிழையாக இல்லை. பறைச்சேரியில் பிறந்தவனைப் பாட்டுடைத் தலைவனாக்கிய நூலுக்கு இது நேர்ந்தது என்பது தற்செயலாக இருக்கலாம், கவனிக்கத்தக்கதுதான்.

சங்கீதத்தை விட்ட அந்த மாணவர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் வருகிற இசைச் செய்திகள் அச்சுக்கு வந்தன. அவற்றைப் படித்துப் பொருள் காணக்கூடிய இயல்புலவர் அநேகமாக யாருமில்லை. பாடத்தை மீட்டபோது பாட்டு தொலைந்திருந்தது. சாமிநாதையர் முதுமையில் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார். அவற்றில் ஒலிக்கிற ஏக்கத்தை நம் தமிழ்த்துறைகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்யுள் பகுதி, மனப்பாடப் பகுதி என்று பாடநூலில் ஒதுக்கப்பட்டவை கேள்வித்தாளுக்கான சரக்கு ஆயின. மனப்பாடம் இருந்தது, அதைத் தாங்கிய ராகம் போயிற்று. ராகம் போட்டுப் படிக்கிற பிள்ளையை 'திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆளு' என்று கேலி செய்யும் வழக்கம் வந்தது.

3. ஒரு பள்ளி ஆசிரியரின் சாகரம்

கூட்டாகப் பாடுவதை நவீனப் பள்ளியின் அன்றாட வேலையாக்கியதில் மிஷனரிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் நடத்திய பள்ளிகளில், ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழாக்கப்பட்டு ஜெர்மன் மெட்டிலேயே பாடப்பட்டன. நெடில் வரவேண்டிய இடத்தில் குறிலும் குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலுமாகத் தமிழ் இழுபட்டது. தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கருநாடக மெட்டுகளில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதிக் குவித்தார். புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் அவருக்கும் 1820-களின் இறுதியில் மூண்ட சண்டையில், அவர் தம் கீர்த்தனைகளுக்காகவும் சபைக்குள் சாதி வேற்றுமையைத் தக்கவைப்பதற்காகவும் ஒரே மூச்சில் வாதாடினார். 'நம்முடைய மெட்டு' என்பதும் 'நம்முடைய சாதி' என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தன. பண்பாட்டுத் தனித்தன்மை பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு நினைவிருக்க வேண்டிய விஷயம் இது. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை அச்சிட்டார். அதற்குப் பிறகு கோயிலிலும் பள்ளியிலும் அவை பரவின.

இந்த மிஷன் உலகத்திலிருந்துதான் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) வருகிறார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று, ஆசிரியராக வேலை பார்த்தவர். பிறகு தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் மனைவி தலைமையாசிரியை, இவர் தமிழாசிரியர். வைத்தியத்தில் பொருளீட்டிய பிறகு சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தின் இசைக் கணக்கை அவிழ்க்க முயன்ற முதல் பெரிய நூல் அது. புலவர்களுக்குப் புரியாமல் கிடந்ததைத் தொட்டவர் ஒரு முன்னாள் பள்ளி வாத்தியார்.

அவருடைய இன்னொரு காரியம் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. சங்கீதம் தொடங்குகிற பிள்ளை சரளி வரிசை, அலங்காரம் முடித்துக் கீதத்துக்கு வந்தவுடன் அதற்குக் கிடைப்பவை கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருத சாகித்தியங்கள். சொல்லுக்குப் பொருள் தெரியாமலே வாய் பாடும். பண்டிதர் 1907-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரத் திரட்டு' கீதம் முதலான பயிற்சி உருப்படிகளைத் தமிழில் தருகிறது. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய பெண்மக்கள் இருவர் வீணையும் குரலுமாக அவருடைய சுருதிக் கொள்கையை மெய்ப்பித்துக் காட்டினார்கள். பாடம் கேட்கிற பிள்ளையின் பக்கத்திலிருந்து இசையை யோசித்தவர் அவர்.

தமிழிசை இயக்கம் இந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை. 1941-இல் அண்ணாமலை நகரில் நடந்த மாநாடு, 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், மியூசிக் அகாடமியோடு நடந்த மோதல் இவையெல்லாம் நமக்குத் தெரிந்த வரலாறு. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு எவ்வளவு? வானொலியில் எவ்வளவு? துக்கடாவாகவா, பிரதானமாகவா? விவாதத்தின் மையம் மேடையாக இருந்தது. பெரியார் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்: தமிழில் பாடினாலும் பக்தியும் புராணமும்தானே, அதனால் தமிழனுக்கு ஆகப்போவதென்ன? பாட்டின் உள்ளடக்கத்தைப் பற்றிய நியாயமான கேள்வி இது. ஆனால் மேடையின் எதிரில் டிக்கெட் வாங்கி உட்கார முடியாதவர்களின் பிள்ளைகள் பாடுவார்களா, எங்கே பாடுவார்கள் என்ற கேள்வி மூன்று தரப்பிலும் பின்னுக்குப் போயிற்று. எந்த மொழியில் பாடுவது என்று சண்டை போட்டவர்கள் யார் பாடுவது என்பதை முடிந்துபோன விஷயமாக எடுத்துக்கொண்டார்கள்.

4. மகரக்கட்டு

பள்ளிக்கு வெளியே பாட்டைச் சொல்லிக் கொடுத்த பள்ளிகள் இருந்தன. அவற்றில் முக்கியமானது 'பாய்ஸ் கம்பெனி'. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எம்.ஜி.ஆர். போய்ச் சேர்ந்த இடமும் ஒரு பாய்ஸ் கம்பெனிதான். ஏழை வீட்டில் தொண்டை நன்றாக இருக்கிற பையன் என்றால் அவனுக்குப் பள்ளிக்கூடம் இதுதான். சோறு போட்டார்கள், பாட்டு வாத்தியார் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், அடித்தார்கள். எட்டுக்கட்டைச் சுருதியில் பாடுகிற பிள்ளைக்குத்தான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும். வளர்ந்து 'மகரக்கட்டு' வந்து குரல் உடைந்ததும் பையனுடைய மதிப்பு இறங்கிவிடும். குழந்தையின் குரல் மூலதனமாக இருந்த இடம் அது. தமிழ்நாட்டு நாடகமும் சினிமாவும் இப்படிப் பள்ளியிலிருந்து கழிந்த குரல்களால்தான் கட்டப்பட்டன. அந்தக் குரல்கள் பிறகு ஒலிபெருக்கி வழியாக ஊர் ஊராகத் திரும்பி வந்தன. இன்றைக்கும் பாடநூலில் மெட்டு இல்லாமல் அச்சாகியிருக்கிற குழந்தைப் பாட்டை வகுப்பில் எடுக்க நேர்ந்தால், ஆசிரியர் அதைச் சட்டென ஒரு சினிமா மெட்டில்தான் ஏற்றிவிடுகிறார். கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் எழுதிக் கொடுத்த சந்தம் தப்பிப் பிழைப்பது பல வகுப்பறைகளில் இப்படித்தான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றுகிறது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறுகிறது. இந்த இருபது ஆண்டுகளுக்குள் பாட்டு ஒரு சமூகத்துப் பெண்களிடமிருந்து இன்னொரு சமூகத்துப் பெண்களுக்கு இடம் மாறியது. பொட்டுக்கட்டு ஒழிந்தது விடுதலைதான். முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிற பழைய 'கலை ரசிக'ப் பேச்சு நமக்கு வேண்டாம். ஆனால் தாசி வீட்டுப் பெண் பாடக் கூச்சப்பட வேண்டிய அதே காலத்தில், அக்கிரகாரத்துப் பெண்ணுக்கு வீட்டுக்கே பாட்டு வாத்தியார் வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் முன் ஒரு கீர்த்தனை பாடுவது குடும்ப கௌரவம் ஆயிற்று. பள்ளியில் இசையும் தையலும் பெண் பிள்ளைகளின் பாடங்களாக ஒதுக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் வரை போக முடிந்த பெண்ணுக்குத்தான் அதுவும். நாற்றுநடவில் பாடுகிற பெண்ணின் மகளுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும்.

சாதியைப் பற்றிப் பேசும்போது நம் வாதமே சிக்கலுக்குள்ளாகிறது. சேரிப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது வெறுங்கையோடு வரவில்லை. ஒப்பாரி, கும்மி, தெருக்கூத்துப் பாட்டு, பறையின் அடவுகள் எல்லாம் அதன் காதில் இருக்கின்றன. பள்ளி அவற்றைக் கேட்டதில்லை என்று குற்றம் சாட்டுவது சுலபம். அந்தப் பிள்ளையின் அப்பா என்ன சொல்லியிருப்பார்? "நான் அடிச்சது போதும், நீ படி." சாவுக்குப் பறையடிப்பது கலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது ஊர் அவர்மேல் சுமத்திய கட்டாய வேலை. மறுத்தால் அடி விழும். பறையை விட்டு வெளியேறுவதுதான் அவருக்கு விடுதலை. பள்ளி அதற்கான கதவு.

1953-இல் ராஜாஜி கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று திராவிட இயக்கம் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தத் திட்டப்படி பறையடிப்பவரின் மகன் அந்த நேரத்தில் என்ன கற்றிருப்பான் என்று யோசித்துப் பார்த்தால், 'பாரம்பரிய இசையைப் பள்ளிக்குள் கொண்டு வாருங்கள்' என்ற கோஷத்தில் ஒளிந்திருக்கிற ஆபத்து புரியும். யாருடைய பாரம்பரியம், யார் தலையில்? பள்ளியின் மௌனம் ஒருவகையில் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. அந்த மௌனத்துக்கு அது கொடுத்த விலையும் பெரிது: தன் வீட்டில் கேட்ட எதுவும் இசை இல்லை என்று நம்பக் கற்றுக்கொண்டது.

1990-களில் தலித் கலை விழாக்களில் பறை விடுதலையின் குரலாக மறுபடி ஒலித்தபோதுதான் இந்த முடிச்சு கொஞ்சம் தளர்ந்தது. கட்டாயத்துக்கு அடிக்காத பறை வேறு பறை. அதே காலத்தில், 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் இன்னொரு வழியைக் காட்டியது. கல் உடைக்கிற பெண்களும் வயல் வேலை செய்கிற பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள், சைக்கிளைப் பற்றிப் பாடினார்கள். இயக்கப் பாட்டுகள் ஊர் மெட்டில் வந்தன. தொண்டர்களில் கணிசமானோர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். இரவு வகுப்பில் பாடிய அதே ஆசிரியர், பகலில் தன் பள்ளிக்குள் நுழைந்ததும் பாட்டை வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

5. நிற்கிற உடல்

இப்போது 107 வினாடிக்கு வரலாம். மனோன்மணீயம் 1891-இல் படிப்பதற்கென்று எழுதப்பட்ட நாடகம். அதன் பாயிரத்திலிருந்து எடுத்த வாழ்த்துப் பாட்டை 1970-இல் தமிழ்நாடு அரசு அரசு விழாக்களுக்கு உரியதாக்கியது. மெட்டமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன், ராகம் மோகனம். டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா குரலில் இசைத்தட்டு வந்தது. அதற்குப் பிறகு பள்ளி மைதானங்களில் பல ஆண்டுகள் பாடியது அந்த இசைத்தட்டுதான். பிள்ளைகள் நின்றார்கள். 'பாடுதல்' என்ற வினை 'நிற்றல்' என்ற வினையாக மாறியது. இயக்கம் கேட்டுப் பெற்ற பாட்டு, பிள்ளையின் தொண்டையைத் தொடாமலேயே அதன் முதுகெலும்பை நிமிர்த்திவிட்டுப் போயிற்று.

2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து ஆணை வெளியிட்டது. முல்லைப்பாணி, மூன்றன் நடை, 55 வினாடி. மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும். ஆணையின் இந்தக் கடைசிப் பகுதி நல்ல பகுதி. மனிதக் குரலை அது திரும்பக் கேட்கிறது. தொடக்கப்பள்ளியில் அந்தப் பயிற்சியை யார் கொடுப்பது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்வது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 2012-இல் தமிழ்நாட்டில் இசை, ஓவியம், உடற்கல்வி, தையல் முதலானவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ரூ. 5,000 ஊதியத்தில் நியமித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவில்லை. மொழியும் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகிற அதே ஒற்றை ஆசிரியர்தான் வாழ்த்துப் பாட்டுக்கும் பொறுப்பு.

கீதம் பாடும் கடமை பற்றி நம் நாட்டில் நீதிமன்றம் வரை போன முக்கியமான வழக்கும் ஒரு பள்ளியிலிருந்துதான் தொடங்கியது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மூவரில் ஒருவர் ஐந்தாம் வகுப்பு. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பாடாமலிருக்கும் உரிமையை நம் சட்டம் நாற்பது ஆண்டுகளாக அங்கீகரித்திருக்கிறது. பாடும் உரிமை என்று ஒன்று உண்டா என்று இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.

பள்ளியில் பாட்டே இல்லை என்று சொல்வது இன்றைய நிலையில் சரியாகாது. 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடலும் பாடலும் உண்டு. வகுப்பறை கலகலப்பாகியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் அங்கே பாட்டு இன்னொரு வேலைக்கு வந்த கூலியாள். எழுத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், எண்ணைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டால் பாட்டுக்கு வேலை போய்விடும். அதே ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கிற கலைத் திருவிழா, போட்டி வடிவத்தில் நடக்கிறது. போட்டி நல்ல குரலைப் பொறுக்கி எடுக்கும். மீதிப் பேர் கை தட்டுவார்கள். பாய்ஸ் கம்பெனியின் பழைய விதி இது: தொண்டை உள்ளவனுக்கு மேடை, மற்றவனுக்குத் தரை. நான்காம் வகுப்பில் "நீ வாயசை போதும், பாடாதே" என்று சொல்லப்பட்ட பிள்ளை, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை. கோஷம் போடுவதற்குக்கூடத்தான்.

6. என்ன கேட்கிறோம்?

காந்தி 1937-இல் ஆதாரக் கல்வி பற்றி எழுதியபோது, கைக்குப் பயிற்சி எவ்வளவு தேவையோ அவ்வளவு குரலுக்கும் தேவை என்றார். ராட்டையைப் பற்றிச் சண்டை போட்ட நாம் இதை மறந்துவிட்டோம். இதை எடுத்துக்கொண்டு எல்லாப் பள்ளியிலும் சரளி வரிசை தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாட்டார் இசைக்கு ஒரு பீரியடு ஒதுக்கச் சொல்வதும் போதாது. நா. வானமாமலை போன்றவர்கள் உழைத்துத் தொகுத்த பாட்டுகள் பாடநூலில் ஏறியதும் அவையும் செய்யுள் பகுதிதான். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள்.

வரலாறு காட்டுகிற மூன்று பிளவுகளிலிருந்து மூன்று காரியங்கள் பிறக்கின்றன. ஒன்று, செய்யுளை வாய்க்குத் திருப்பிக் கொடுப்பது. பாடநூலில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் பொருள் விளக்கத்துக்கு முன் வகுப்பு முழுவதும் தன் மெட்டில், தனக்குப் பிடித்த மெட்டில், சினிமா மெட்டாகவே இருந்தாலும், பாடிவிட வேண்டும். இதற்கு இசை ஆசிரியர் தேவையில்லை. மாயூரத்தில் பிரிந்ததை ஒட்டுவதற்கு இது ஒரு தொடக்கம். இரண்டு, பிள்ளை கொண்டுவருகிற பாட்டை ஆசிரியர் கற்றுக்கொள்வது. கொண்டுவருவது பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். 'உங்க தெருப் பாட்டப் பாடு' என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தக்கூடாது. அது மறுபடியும் ஊர்க் கட்டளை. பறையைத் தொடுவதானால் வகுப்பிலிருக்கிற எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தொட வேண்டும், ஆசிரியரும் தொட வேண்டும். மூன்று, தேர்ந்தெடுக்காத பாட்டு. பரிசு இல்லாத, மேடை இல்லாத, குரல் உடைந்த பிள்ளைக்கும் இடமிருக்கிற, வேண்டாமென்றால் சும்மா உட்கார்ந்து கேட்கக்கூடிய பாட்டு நேரம், நாளுக்குப் பத்து நிமிஷம்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: சத்தம் போடுகிற வகுப்பு கெட்ட வகுப்பு என்ற எண்ணத்தை. அதுவே பெரிய வேலை. ஏனென்றால் அந்த எண்ணம் வந்தது கல்வித்துறைச் சுற்றறிக்கையிலிருந்து மட்டுமில்லை. புலவரிடமிருந்தும், சீர்திருத்தக்காரரிடமிருந்தும், தன் மகன் இனிமேல் பறையைத் தொடக்கூடாது என்று வைராக்கியம் கொண்ட தகப்பனிடமிருந்தும் வந்தது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தகப்பனுடைய நியாயத்துக்கு நாம் கண்டிப்பாகப் பதில் சொல்லியாக வேண்டும். அவருடைய பேத்தி இன்று ஏதோவொரு ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். தாத்தா வாசித்ததை அவள் வாசிக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அவள்மேல் சாதி ஏறாத ஒரு வகுப்பறையை நாம் உண்டாக்கிவிட்டோமா என்பதுதான் கேள்வி. அதற்கான வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியர் இயக்கத் தோழர்களும் எழுதுகிறவர்களும் சேர்ந்து பேச வேண்டும்.